யாரும் கையெழுத்திடாத ஆண்டு மலர்

இந்த ஜூன் மாதம் என் மகள் புதிய பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்பில் சேர்ந்தாள். முதல் வாரம் முடிவதற்குள் என்னிடம் ஒரு வேண்டுகோளோடு வந்து நின்றாள். தோழிகள் வீட்டுக்கு வரும்போது, கூடத்திலிருக்கும் புத்தக அலமாரியில் பாதி அவளுடையது என்று நான் சொல்லிவிடக் கூடாதாம். காரணம் கேட்டேன். "அப்புறம் எல்லாரும் படிப்ஸ்னு கூப்பிடுவாங்கம்மா" என்றாள்.

அறிவுரை சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் பன்னிரண்டு வயதில் நானும் இதையே செய்திருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்ததால் பேசாமல் இருந்துவிட்டேன். அன்றிரவு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, நான் பலமுறை பார்த்திருக்கும் 'தி சிம்ப்சன்ஸ்' என்ற கார்ட்டூன் தொடரின் ஓர் அத்தியாயத்தைப் போட்டேன். ஏழாவது சீசனின் கடைசி அத்தியாயமான அது, 1996 மே 19 அன்று அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. டான் கிரீனி எழுதி, மார்க் கிர்க்லண்ட் இயக்கியது. 'சம்மர் ஆஃப் ஃபோர் ஃபுட் டூ' என்பது அதன் பெயர். நான்கடி இரண்டங்குல உயரமுள்ள ஒரு சிறுமியின் கோடைக்காலம் என்று அதைப் புரிந்துகொள்ளலாம்.

அந்தச் சிறுமி, எட்டு வயது லிசா சிம்ப்சன். பள்ளியின் ஆண்டு மலருக்கு அவள்தான் ஆசிரியர். பள்ளியின் கடைசி நாளில் பிள்ளைகள் ஒருவர் மலரில் மற்றவர் கையெழுத்திட்டு நாலு வரி எழுதித் தருவது அங்கே வழக்கம். நம் ஊரில் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முடிகிறபோது ஆட்டோகிராஃப் நோட்டை நீட்டுவோமே, அதைப் போல. அண்ணன் பார்ட்டின் மலரில் கையெழுத்துகள் குவிகின்றன. அந்த மலரையே உருவாக்கிய லிசாவின் பிரதியில் ஒருவரும் எழுதவில்லை. அடுத்து, பக்கத்து வீட்டு நெட் ஃபிளாண்டர்ஸ் தம்முடைய கடற்கரை வீட்டை இரவலாகக் கொடுக்க, குடும்பம் விடுமுறைக்குக் கிளம்புகிறது. பார்ட் தன் நண்பன் மில்ஹவுஸை உடன் அழைத்துக்கொள்கிறான். லிசாவுக்கு அழைத்துச் செல்ல ஆள் இல்லை.

இந்த இடத்தில் லிசா எடுக்கும் முடிவை நான் மிகவும் கனமான ஒன்றாகக் கருதுகிறேன். பெட்டி நிறைய அடுக்கி வைத்த தன் பொருள்களையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, யாரும் அறியாத ஊரில் வேறு ஒருத்தியாக இருந்து பார்ப்பது என்று தீர்மானிக்கிறாள். உடை மாறுகிறது, பேச்சு மாறுகிறது, எதிலும் பெரிய அக்கறை இல்லாத ஒரு தோரணை வந்து சேர்கிறது. அந்த ஊரின் நூலகத்தில் கதைப் புத்தகப் பாத்திரங்கள் அவளைக் கூப்பிடுவதாக ஒரு கற்பனைக் காட்சி வரும். அவற்றையும் மீறி வெளியே வந்துதான் எரின் என்ற பெண்ணோடும் அவளுடைய கூட்டாளிகளோடும் பழகத் தொடங்குகிறாள். எரினுக்குக் குரல் கொடுத்தவர் கிறிஸ்டினா ரிச்சி. அலட்டலும் குத்தலும் இல்லாத, இயல்பான ஒரு குரல் அது. லிசாவின் புதிய தோழிகளை வில்லிகளாகக் காட்டாமல் விட்டது இந்த அத்தியாயம் செய்த முதல் நல்ல காரியம் என்பேன்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, 1991 ஏப்ரல் மாதம் ஒளிபரப்பான வேறோர் அத்தியாயத்தைப் பார்த்தவர்களுக்கு லிசாவின் இந்த முடிவு இன்னும் வலிக்கும். தற்காலிகமாக வகுப்பெடுக்க வந்து அவளைப் புரிந்துகொண்ட ஆசிரியர் பெர்க்ஸ்ட்ரோம், ரயில் நிலையத்தில் விடைபெறும்போது ஒரு காகிதத்தை மடித்துக் கொடுத்து, தனிமையாக உணரும்போது இதைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போவார். பிரித்துப் பார்த்தால், 'நீ லிசா சிம்ப்சன்' என்று மட்டும் அதில் எழுதியிருக்கும். ஒரு குழந்தைக்குப் பெரியவர் ஒருவர் கொடுக்கக்கூடிய ஆகச்சிறந்த பரிசு அது என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். வெறுமையான ஆண்டு மலரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் லிசாவுக்கு அந்தக் காகிதம் போதவில்லை. தான் லிசா சிம்ப்சனாக இருப்பதுதான் குறை என்ற முடிவுக்கு அவள் வந்துவிடுகிறாள். ஆசிரியர்களும் பெற்றோரும் தரும் பாராட்டு, ஒத்த வயதுப் பிள்ளை ஒருத்தி 'நீயும் வா' என்று கூப்பிடுவதற்கு ஈடாவதில்லை. இதை நாம் ஒப்புக்கொள்ளத் தயங்குவதால்தான் பிள்ளைகள் அலமாரியை மறைக்கச் சொல்கிறார்கள்.

'நீ நீயாகவே இரு' என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கருத்து என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதை என்னால் ஏற்க முடியவில்லை. வேடம் போட்டிருக்காவிட்டால் லிசா அந்தப் பிள்ளைகளின் அருகிலேயே போயிருக்க மாட்டாள். அந்த வேடம் அவளுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டது. உள்ளே போன பிறகு நடந்தது வேறு. அவளுடைய குட்டு வெளிப்பட்ட பின்னும் அந்தப் பிள்ளைகள் அவளைத் தேடி வந்து சொல்லும் காரணத்தைக் கவனிக்க வேண்டும்: இயற்கையைப் பற்றியும், கடல்நீரை ஏன் குடிக்கக் கூடாது என்பதைப் பற்றியும் நீதானே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாய் என்கிறார்கள். அப்படியானால் அந்த நாள்களில் அவள் தன்னை மறைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தாளே தவிர, உண்மையில் மறைக்கவே இல்லை. மாற்றிய உடைக்குள் இருந்தபடி, தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அவர்களும் அந்த லிசாவோடுதான் பழகியிருக்கிறார்கள். இத்தனை முறை பார்த்தும் எனக்கு இது உறைக்கவில்லை. என் மகள்தான், "அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்மா, கடல் தண்ணி பத்தியெல்லாம் வேற யாரு பேசுவா?" என்று சொன்னாள்.

குட்டை உடைத்தவன் பார்ட். பள்ளியில் எதைச் செய்தாலும் கைதட்டல் வாங்கும் அவனை இந்த ஊர்ப் பிள்ளைகள் பொருட்படுத்தவில்லை. தங்கையோ அவனுடைய பழைய வசனம் ஒன்றைத் தன் வாயால் சொல்லிக்கொண்டு அவர்கள் நடுவில் உலவுகிறாள். பொறுக்க முடியாமல் அந்த ஆண்டு மலரை எடுத்துப்போய், அவள் ஆசிரியர்களின் செல்லப்பிள்ளை, எந்நேரமும் படிப்பவள் என்பதற்கான ஆதாரங்களைப் பக்கம் பக்கமாகக் காட்டிவிடுகிறான். லிசா கண்ணீரோடு ஓடிப்போகிறாள். வெளியாள் ஒருவர் கேலி செய்தால் பிள்ளைகள் நாளடைவில் தேறிவிடுவார்கள்; கூடப் பிறந்தவன், வீட்டுக்குள் மட்டுமே தெரிந்த ஒன்றைத் தெருவுக்குக் கொண்டுபோய் வைக்கும்போது அதைத் தாங்கிக்கொள்வது கடினம். அந்தக் காட்சியில் சிரிப்பதற்கு எதையும் வைக்காததற்காக இதை உருவாக்கியவர்கள்மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு.

சமாதானம் சற்று விரைவாகவே வந்துவிடுகிறது என்ற குறை எனக்கு உண்டு. லிசா திரும்பி வரும்போது, அந்தப் பிள்ளைகள் அவளுடைய அப்பா ஹோமரின் கார் முழுவதும் சிப்பிகளை ஒட்டி, அவள் பெயரையும் அதில் எழுதி அலங்கரித்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் இத்தகைய காயம் ஆறுவதற்குக் கூடுதல் நாள்கள் ஆகும். சில நட்புகள் அதிலிருந்து மீளாமலே போவதும் உண்டு. ஆயினும் பார்ட் செய்யும் பரிகாரம் சரியான இடத்தைத் தொடுகிறது. ஊர் திரும்பும் வழியில், எந்த மலரைக் கொண்டு அவளை அவமானப்படுத்தினானோ அதே மலரைத் தங்கையிடம் நீட்டுகிறான். கடற்கரை நண்பர்களிடம் கொடுத்து அதில் எழுதி வாங்கியிருக்கிறான். காலியாகக் கிடந்த பக்கங்களில் இப்போது அவர்களுடைய வரிகள் இருக்கின்றன.

அவற்றினிடையே மில்ஹவுஸின் கையெழுத்தும் இருக்கிறது. அவன் லிசாவின் பள்ளியிலேயே படிக்கிறவன். கடைசி நாளன்று அவளுடைய மலரில் அவனும் எழுதியிருக்கவில்லை. விடுமுறை முழுவதும் அதே வீட்டில் தங்கிவிட்டு, இப்போது அதே காரில் ஊர் திரும்புகிறவன், 'காரில் சந்திப்போம்' என்று எழுதியிருக்கிறான். என் மகள் படத்தை அங்கே நிறுத்தி, அந்த வரியை இன்னொரு முறை வாசித்துவிட்டுத்தான் மேலே ஓடவிட்டாள்.