சரிவு என்பதற்காகத் தண்ணீர் தானாகப் போய்விடாது

"நிலம் சரிவாக இருந்தால் கூரைத் தண்ணீருக்கு வடிகாலே வேண்டாம், தானாக ஓடிவிடும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். வீட்டின் பள்ளப் பக்கத்துக்கு அது ஓரளவு சரி. மேட்டுப் பக்கம் விழும் தண்ணீர் எங்கே போகும்? அங்கே சரிவு வீட்டை நோக்கித்தானே இருக்கிறது. நேராகச் சுவருக்கே வரும்.

அளவையும் பாருங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 50 மி.மீ. மழை பெய்தால் 5,000 லிட்டர். அஸ்திவாரம் தோண்டி மூடிய மண் பெரும்பாலும் இளக்கமாகவே இருக்கும். மழைநீர்க் குழாய் சுவரோரம் முடிந்தால் தண்ணீர் அந்த மண்ணுக்குள்தான் இறங்கும். சுவரடியில் உப்புப் பூத்து பெயின்ட் உரியத் தொடங்கினால் இதையும் சந்தேகப்படுங்கள்.

மேட்டுப் பக்கம் சுவரிலிருந்து தள்ளி, ஆழமில்லாத வாய்க்கால் வெட்டி, வீட்டைச் சுற்றிப் பள்ளத்துக்கு இறக்குங்கள். இடையில் உள்ள தரை வாய்க்காலை நோக்கிச் சரிய வேண்டும். 3 மீட்டருக்கு 15 செ.மீ. இறக்கம் போதும். தண்ணீர் வந்து விழும் இடத்தில் கல் பரப்பாவிட்டால் மண் அரித்துப் போகும்.

அப்புறம், அதே கருத்தில் அவர், சரிவு மண்ணைத் தாங்கி நிற்கும் தடுப்புச் சுவருக்கு மேட்டுப் பக்கத்திலேயே உறிஞ்சுகுழி வெட்டச் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து யாரும் செய்துவிடாதீர்கள். ஊறும் தண்ணீர் சுவரின் பின்னால் சேர்ந்து அதைத் தள்ளும். தண்ணீர் வெளியேறச் சுவரில் விடும் கசிவுத் துளைகளும் அடைத்திருந்தால் சுவர் முன்பக்கம் சாயலாம். குழி, வீட்டுக்கும் அந்தச் சுவருக்கும் கீழே, நன்றாகத் தள்ளி இருக்கட்டும். சரிவு ரொம்பச் செங்குத்தென்றால் குழியே வேண்டாம், குழாயிலேயே அடிவரை கொண்டுபோய் விடுங்கள்.