சாவி யார் கையில்?
'தி நியூஸ்ரூம்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் செய்தி வாசிப்பாளராக வரும் வில் மெக்காவாய் மாதிரி நாலு செய்தியாளர்கள் இருந்தால் அமெரிக்க அதிபர் விவாதங்களே மாறிவிடும் என்கிறது ஒரு கட்டுரை. அந்தத் தொடரே அப்படிச் சொல்லவில்லையே! முதல் சீசனில் வில்லின் குழுவினர் ஒத்திகை விவாதம் நடத்திக் காட்டுகிறார்கள், கேள்வி ஒவ்வொன்றும் நெருப்பு. பார்க்க வந்த குடியரசுக் கட்சிக்காரர்கள் விவாதம் நடத்தும் வாய்ப்பைத் தர முடியாது என்று கிளம்பிவிடுகிறார்கள். நிஜத்திலும் அதே கதைதான். 1988இல் இரு கட்சிகளின் பிரசாரக் குழுக்களும் தங்களுக்குள் பேசி முடித்த நிபந்தனைகளை ஏற்க மாட்டோம் என்று அதற்கு முன் விவாதங்களை நடத்திவந்த லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸ் அமைப்பு விலகியது. விவாதம் நின்றதா என்ன? கட்சிகள் சேர்ந்து 1987இல் அமைத்த ஆணையம் நடத்திவிட்டுப் போனது. சரி, மேடையிலேயே ஒருவர் துணிந்தால்? 2012 அக்டோபரில் நடந்த அதிபர் விவாதத்தில், லிபியாவின் பெங்காஸியில் அமெரிக்கத் தூதரக வளாகம் தாக்கப்பட்டது பற்றிக் குடியரசுக் கட்சி வேட்பாளர் ராம்னி சொன்னதை நெறியாளர் கேண்டி கிரவுலி அங்கேயே திருத்தினார். "இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்" என்றார் ஒபாமா, அரங்கில் கைதட்டல். இங்கே காலை நேரம், கையில் இருந்த காபி ஆறியதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் பார்த்தால், பெங்காஸியை விட்டுவிட்டு, கிரவுலி குறுக்கிட்டது சரியா தப்பா என்றுதான் பாதிப் பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.