பிரான்சை எடுத்துக்காட்டாகச் சொல்கிறவர்களுக்கு

மொழிப்பற்று பற்றிப் பேச்சு வந்தாலே நம்மவர்கள் பிரான்சை இழுத்து வந்துவிடுகிறார்கள். "பிரெஞ்சுக்காரர்களைப் பாருங்கள், தாய்மொழியை எப்படிப் போற்றுகிறார்கள்!" என்ற வரியை இங்கே எத்தனையோ பதிவுகளில் படித்தாயிற்று. படிக்கும்போதெல்லாம் மனம் கசக்கிறது. பிரான்சில் எல்லோருக்கும் பிரெஞ்சு தாய்மொழியாக இருந்ததில்லை, அப்படி ஆக்கினார்கள். அதற்கு அவர்களுக்குக் கைகொடுத்தவற்றுள் முக்கியமானது, மாகாணங்களின் பேச்சை இழிவாகக் குறிக்கும் ஒரு சொல்: 'பத்துவா'.

நாம் 'மொழி' என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுவதைப் பிரெஞ்சில் பல சொற்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தனித்த ஒரு மொழி 'லாங்'. மனிதருக்குப் பொதுவான பேசும் ஆற்றல் 'லாங்காஜ்'. ஒருவர் வாய்திறந்து பேசுவது 'பரோல்'. மொழியியல் அறிஞர் சொசூர் தம் கோட்பாட்டையே இந்த வேறுபாட்டின் மேல்தான் எழுப்பினார். 'லாங்' என்றால் நாக்கு என்றும் பொருள். ரஷ்யம், ஃபின்னியம், ஹங்கேரியம் ஆகியவற்றிலும் நாக்குக்கும் மொழிக்கும் ஒரே சொல்தான். அழகான ஏற்பாடு, ஏனென்றால் நாக்கு எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் பிரான்சில் அந்தச் சொல்லை எல்லோருக்கும் கொடுக்கவில்லை.

திதரோவும் தலம்பேரும் தொகுத்த கலைக்களஞ்சியத்தை ஐரோப்பிய அறிவொளியின் சிகரம் என்று கொண்டாடுகிறோம். 1765ஆம் ஆண்டு தேதியிட்ட அதன் தொகுதியில் 'பத்துவா'வுக்கு விளக்கம் இருக்கிறது: ஏறக்குறைய எல்லா மாகாணங்களிலும் பேசப்படும் சீர்கெட்ட பேச்சு. அதோடு நிற்கவில்லை. 'லாங்' தலைநகரில் மட்டுமே பேசப்படுகிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். மாகாணத்தில் பிறந்தவனுக்கு மொழியே கிடையாதாம்!

'பத்துவா' என்ற இந்த ஒரே சொல்லுக்குள் எவற்றையெல்லாம் போட்டு அடைத்தார்கள் என்று பாருங்கள். பிரெத்தோன் ஒரு கெல்திய மொழி, வேல்சு மொழிக்கு உறவு. பாஸ்க் மொழிக்கோ இன்று வாழும் எந்த மொழியோடும் உறவு நிறுவப்படவில்லை. தெற்கின் ஓக்சித்தான் மொழியில் 12ஆம் நூற்றாண்டிலேயே த்ருபதூர் கவிஞர்கள் பாடினார்கள். இத்தாலியக் கவிஞர் தாந்தே தம் காவியத்தில் அர்னோ தானியேல் என்ற கவிஞரை அந்த மொழியிலேயே எட்டு வரிகள் பேச வைத்தார். இவை எப்படிப் பிரெஞ்சின் சிதைவுகள் ஆகும்? மொழியின் இயல்பைப் பற்றி 'பத்துவா' எதையுமே சொல்வதில்லை. பேசுகிறவனின் தகுதியை மட்டும் சொல்கிறது.

புரட்சி வந்தது, சமத்துவம் பேசியது. 1794 ஜனவரியில் புரட்சித் தலைவர்களுள் ஒருவரான பாரேர் மன்றத்தில் எழுந்து, கூட்டாட்சிவாதமும் மூடநம்பிக்கையும் பிரெத்தோன் பேசுகின்றன, மதவெறி பாஸ்க் பேசுகிறது என்றார். அதே ஆண்டு ஜூனில் பாதிரியார் கிரெகுவார் அறிக்கை தந்தார். அதன் தலைப்பிலேயே 'பத்துவாக்களை ஒழிப்பது' என்று இருக்கிறது. குறைந்தது 60 லட்சம் பிரெஞ்சு மக்களுக்குத் தேசிய மொழி தெரியாது, அதைத் தூய்மையாகப் பேசுகிறவர்கள் 30 லட்சத்துக்கு மேல் இல்லை என்று அவரே அதில் ஒப்புக்கொள்கிறார். அடிமைமுறையை எதிர்த்தவர், யூதர்களின் உரிமைக்காக வாதாடியவர் அவர். நல்ல மனிதர்தான். அதனால்தான் எனக்கு இது இன்னும் வலிக்கிறது.

பிறகு பள்ளிக்கூடங்கள் வந்தன. பிரெத்தோன் பேசி அகப்பட்ட பிள்ளையிடம் ஒரு மரச்செருப்பையோ வேறு பொருளையோ கொடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். அதிலிருந்து தப்ப வேண்டுமானால் அப்படிப் பேசும் இன்னொரு பிள்ளையைக் காட்டிக்கொடுக்க வேண்டும். ஓக்சித்தான் பேசுகிறவர்கள் அந்தக் காலத்தை 'வெர்கோன்யா' என்கிறார்கள். வெட்கம் என்று பொருள். வெட்கப்படக் கற்ற பிள்ளைகள் வளர்ந்து பெற்றோரானதும் தம் குழந்தைகளிடம் அந்த மொழியைப் பேசவில்லை. ஓக்சித்தானின் ஒரு வடிவமான ப்ரொவென்சாலில் எழுதிய மிஸ்த்ராலுக்கு 1904இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனாலும் அந்தச் சரிவு நிற்கவில்லை.

பாஸ்க்காரர்கள் தங்களைக் குறிக்கும் சொல் 'எவுஸ்கால்துன்'; பாஸ்க் மொழியை உடையவர் என்று பொருள். அந்த மக்களிடம் போய் உன்னிடம் இருப்பது மொழியே அல்ல என்று சொன்னால், நீயே இல்லை என்று சொன்னதாகத்தானே ஆகும்?

இப்போது காலம் மாறிவிட்டது என்பீர்கள். 1992இல் குடியரசின் மொழி பிரெஞ்சு என்று அரசியலமைப்பில் சேர்த்தார்கள். 2008இல் வட்டார மொழிகள் பிரான்சின் மரபுச் செல்வம் என்று ஒரு வரி சேர்க்க முனைந்தபோது, அது தேசிய அடையாளத்தைப் பாதிக்கும் என்று பிரெஞ்சு மொழியின் காவல் அமைப்பான பிரெஞ்சு அகாதமி எதிர்த்தது. அதையும் மீறி அந்த வரி சேர்ந்தது. ஆனால் 2021 மே மாதம், பிள்ளைகளுக்கு வட்டார மொழி வழியிலேயே பாடம் நடத்த இடம்தந்த சட்டப்பிரிவை அரசியலமைப்பு மன்றம் செல்லாது என்று அறிவித்தது. மரபுச் செல்வம் என்று மரியாதையாகப் பெயர் சூட்டியாயிற்று. அந்தச் செல்வத்தில் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தர முனைந்தால் சட்டம் குறுக்கே நிற்கிறது.

1977இல் தொடங்கிய 'திவான்' பள்ளிகள் அந்தத் தீர்ப்புக்குப் பின்னும் பிரெத்தோன் வழியில்தான் பாடம் நடத்துகின்றன. தாய்மொழிப் பற்றுக்குப் பிரான்சிலிருந்து எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், இனி அந்தப் பள்ளிகளைப் பற்றி எழுதுங்கள்.