வேலையும் ஊழியம்தான்
கிறிஸ்தவ ஊழியத்தைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, போதகர்களைப் போல முழுநேர ஊழியத்துக்குப் போகிறவர்களைத்தான் உயர்த்திச் சொல்கிறது, அதை என்னால் ஏற்க முடியவில்லை. கொல்லிமலையில் 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்டைப் பாருங்கள். மருத்துவத்துக்கு முன் கட்டட வேலை கற்றவர், அப்புறம் வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, தசையை எலும்போடு இணைக்கும் நாணை அறுவை சிகிச்சையில் இடம் மாற்றி வைத்து நிமிர்த்தினார், அதோடு விடாமல், கை சரியானவர்கள் மறுபடி பிச்சைக்குப் போகக் கூடாதே என்று தச்சு வேலை கற்க ஓர் இடமும் அமைத்தார். மனைவி மார்கரெட் தொழுநோயாளிகளின் கண்களுக்கு வைத்தியம் பார்த்தார். ஆறு பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டுதான் இத்தனையும்! எதையும் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள் என்று பைபிளில் அப்போஸ்தலன் பவுல் கொலோசெ சபையாருக்கு எழுதியதும் போதகர்களுக்கு இல்லை, எஜமானுக்குக் கீழே உழைத்த வேலைக்காரர்களுக்கு. நம் சபைகளில் ஊழியர்களுக்காக ஜெபிக்கிறோம், சரி. இரவுப் பணி பார்க்கும் நர்ஸுக்காகவும், வீட்டில் வயதான மாமியாரைக் கவனிக்கும் மருமகளுக்காகவும் பெயர் சொல்லி ஜெபிக்கலாமே?