தன்னம்பிக்கையும் ஒரு ஜென்ட்ஸ் சைக்கிளும்

சம்பள உயர்வு கேட்பதற்காக ஒரு புத்தகத்தை முழுசாகப் படித்துவிட்டுப் போனவள் நான். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

ஷெரில் சாண்ட்பெர்க் எழுதிய ‘லீன் இன்’. 2013-ல் வந்தது. நாம் தினமும் சண்டை போட்டுக்கொள்ளும் இதே ஃபேஸ்புக்கில் மார்க் சக்கர்பெர்க்குக்கு அடுத்த இடத்தில் இருந்தவர் இந்த சாண்ட்பெர்க். பெண்களுக்கான தன்னம்பிக்கை நூல் என்று இன்று கடைகளில் அடுக்கியிருப்பவற்றைப் புரட்டினால் பாதியில் இதன் வாசனைதான் அடிக்கிறது எனக்கு.

அதில் ஒரு காட்சி. அமெரிக்க நிதியமைச்சராக இருந்த டிம் கைட்னர் ஒரு கூட்டத்துக்காக ஃபேஸ்புக் அலுவலகத்துக்கு வருகிறார். காலைச் சாப்பாடு வைத்திருக்கிறார்கள். அமைச்சருடன் வந்த பெண் அதிகாரிகள் நான்கு பேரும் கடைசியாகத் தட்டில் எடுத்துக்கொண்டு, மேசைக்கு வராமல் ஓரத்து நாற்காலிகளில் உட்கார்கிறார்கள். சாண்ட்பெர்க் கையசைத்துக் கூப்பிடுகிறார். அப்போதும் வரவில்லை.

படித்ததும் மனசுக்குள் ஒரு குரல்: அடப்பாவமே, அமெரிக்காவிலும் நமக்குக் கடைசிப் பந்திதானா! எங்கள் ஆபீஸ் மீட்டிங்கில் கதவுக்குப் பக்கத்து நாற்காலி எழுதாத சட்டமாக என்னுடையது. வாயைத் திறந்தால் முதல் வாக்கியமே “தப்பா இருந்தா சொல்லுங்க” என்றுதான் வரும். மறுவாரம் மேசையில் போய் உட்கார்ந்தேன். அந்த முன்னுரையையும் விட்டேன். இது அந்தப் புத்தகம் எனக்குச் செய்த உதவி, மறக்க மாட்டேன்.

அப்புறம் சம்பளம் கேட்கப் போனேன். செய்த வேலைகளை ஒரு தாளில் எழுதி, கண்ணாடி முன் இரண்டு தடவை ஒத்திகையும் பார்த்திருந்தேன். மேனேஜர் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “உங்க வீட்டுக்காரர்தான் நல்லா சம்பாதிக்கிறாரேம்மா” என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது என்று எந்த அத்தியாயத்திலும் இல்லை.

இங்கேதான் எனக்கு இந்த வகைப் புத்தகங்களோடு தகராறு. வெளியில் தடைகள் இருப்பதை சாண்ட்பெர்க்கும் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அவர் பேச்செல்லாம் உள்ளே இருக்கும் தயக்கத்தைப் பற்றித்தான். அவரைப் பார்த்து எழுதியவர்கள் அந்த ஒப்புதலையும் விட்டுவிட்டார்கள். கிடைக்கவில்லையா, உனக்கு நம்பிக்கை போதவில்லை. இன்னொரு புத்தகம் வாங்கு.

2015-ல் சாண்ட்பெர்க்கின் கணவர் திடீரென்று இறந்துபோனார். அடுத்த வருடம் அன்னையர் தினத்தன்று இதே ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு போட்டார். வீட்டில் மூச்சு முட்டும்போது வேலையில் ஜெயிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது, புத்தகம் எழுதிய காலத்தில் தனக்குச் சரியாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டார். எனக்கு அந்தப் பதிவுதான் புத்தகத்தைவிடப் பிடிக்கும். எழுதியதைத் திருத்திக்கொள்ள ஒரு துணிச்சல் வேண்டும்.

எங்கள் சித்தி புதுக்கோட்டைப் பக்கம். 1991, 92-ல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் அங்கே பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த நேரம். கல் உடைக்கிறவர்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், கிராமத்து நர்சுகள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. பரவாயில்லை, ஜென்ட்ஸ் சைக்கிளே வசதி என்றார்கள் பலர். நடுக்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாமே! சித்தியும் அப்படித்தான் ஓட்டினார். கம்பியில் துண்டைச் சுற்றி, அதன்மேல் என் தம்பி முறை ஆகிறவன். சித்தியின் இடது முழங்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது.

“அப்ப உங்களுக்குப் பயமா இல்லையா சித்தி?” என்று ஒருமுறை கேட்டேன்.

“பயமில்லாம? கேரியரைப் புடிச்சுக்கிட்டு பின்னாடியே ஓடியாந்தாங்கள்ல, அதனால ஏறுனேன்.”

நான் படித்த புத்தகங்களில் முதலில் நம்பிக்கை வரும், அதற்குப் பிறகு காரியம் நடக்கும். சித்திக்கு முதலில் வந்தது சைக்கிள். கூடவே பிடித்துக்கொள்ள ஆள், விழுந்தால் சிரிக்க இன்னும் பத்துப் பெண்கள், பின்னால் ஒரு மாவட்ட நிர்வாகம். நம்பிக்கை எப்போது வந்தது என்று அவருக்கே ஞாபகமில்லை. தண்ணீர்க் குடத்தோடு தனியாக ஓட்டிப் போன ஏதோ ஒரு நாளில் வந்திருக்கும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பெண்கள் இந்தப் புத்தகங்களைப் படிப்பதைக் கிண்டல் செய்யும் அண்ணன்மாரோடு எனக்குக் கூட்டு கிடையாது. எம்.எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ என்ற தன்னம்பிக்கை நூல், அண்ணன்மாரே, உங்களில் எத்தனை பேர் அலமாரியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நீங்கள் அதைப் படித்தபோது அடுப்பில் பால் பொங்குகிறதா என்று யாரும் உங்களைக் கேட்கவில்லை.

போன மாதம் சித்தி வந்திருந்தார். மேசையில் கிடந்த புத்தகத்தைப் பார்த்து “இதுல என்ன கதை?” என்றார். அந்தக் காலைச் சாப்பாட்டுக் காட்சியைச் சொன்னேன். அமைச்சர், தட்டு, ஓரத்து நாற்காலி எல்லாம். வெற்றிலையை மடித்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

“சரி, சாப்ட்டு முடிச்சு அந்தத் தட்டையெல்லாம் யாரு கழுவுனா?”

அது புத்தகத்தில் இல்லை சித்தி என்றேன்.

பி.கு: அதே புத்தகத்தின் இன்னொரு பிரதியை என்னிடம் இரவல் வாங்கிப் போன தோழி இதைப் படித்தால் தயவுசெய்து திருப்பித் தரவும். அதில்தான் நான் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.