பிசின் வேறு, கேம்பியச் சாறு வேறு

"பைன் மரப் பிசினைக் காய்ச்சித்தான் முதல் செயற்கை வெனிலா செய்தார்கள்" என்று மேலே ஒருவர் எழுதியிருப்பது தவறு. பிசினில் இருப்பவை டெர்பீன்கள் என்னும் மணமுள்ள எண்ணெய்ப் பொருள்களும் ரெசின் அமிலங்களும். அது ஓடுவதும் தனிக் குழாய்களில்.

ஜெர்மனியில் டீமான், ஹார்மான் என்ற வேதியியலாளர்கள் 1874-இல் வெனிலின் (வெனிலாவுக்கு மணம் தரும் பொருள்) தயாரித்தது, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வளரும் கேம்பிய அடுக்கின் சாற்றில் கிடைத்த கோனிஃபெரினிலிருந்து. வசந்தத்தில் ஊசியிலை மரத்தின் பட்டையை உரித்தால் ஈரமாக வழுக்குமே, அந்தப் படலத்தைச் சுரண்டி எடுப்பார்கள். சாற்றைக் கொதிக்கவைத்து, புரதம் திரிந்ததும் வடிகட்டிச் சுண்டவிட்டால் கோனிஃபெரின் படிகமாகும். குளுக்கோஸும் கோனிஃபெரைல் ஆல்கஹாலும் இணைந்த பொருள் அது. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் உருவாவதும் இதே ஆல்கஹாலிலிருந்துதான், எவ்வளவு அழகான வேதியியல்! கோனிஃபெரினை ஆக்சிஜனேற்றம் செய்துதான் வெனிலின் பெற்றார்கள். மாணவர்களும் படிக்கும் இடம், தயவுசெய்து அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.