பருவுக்கு மட்டுமல்ல, விரலுக்கும் வைத்தியம் வேண்டும்

பரு, எக்சிமா (கரப்பான்), சோரியாசிஸ் என்று தோல் சிகிச்சைக்கு வருகிறவர்களில் பலர் புண்ணைக் கிள்ளுவதையும் பக்கை உரிப்பதையும் நிறுத்த முடியாமல் தவிக்கிறார்கள். வெட்கத்தில் அதைச் சொல்வதில்லை, சிகிச்சை தரும் நாமும் கேட்பதில்லை. வீட்டில் "கையை எடு" என்கிறார்கள், டாக்டர் "கிள்ளாதீங்க" என்கிறார். இரண்டாலும் பயனில்லை. 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 மனநலக் கையேடு இதை ஓசிடி எனும் எண்ணச் சுழற்சி நோய் சார்ந்த தனிக் கோளாறாகவே சேர்த்துவிட்டது. இன்னமும் இதைக் கெட்ட பழக்கம் என்று திட்டுவது அநியாயம்.

முதலில் அரிப்பா, கிள்ளலா என்று பிரித்துப் பாருங்கள். ராத்திரியில் வீட்டில் இன்னும் சிலருக்கும் அரித்தால் சொறிசிரங்கைச் சந்தேகிக்க வேண்டும். தோலில் ஒன்றும் தெரியாமல் உடம்பெல்லாம் அரித்தால் சிறுநீரகம், தைராய்டு, இரும்புச்சத்து மூன்றையும் பரிசோதிக்க வேண்டும். பெரிதாக அரிப்பு இல்லை, ஆனால் சொரசொரப்பாக எதுவும் தட்டுப்பட்டால் விரல் அங்கேயே நிற்கிறது என்றால்தான் இந்தப் பதிவு.

விரலை இழுப்பது பெரும்பாலும் காய்ந்த பக்கு. அதை உரித்தால் கீழே புதிதாக மூடிக்கொண்டிருந்த தோலும் சேர்ந்து வருகிறது, புண் ஆறுவது மறுபடி முதலிலிருந்து. அதனால் புண்ணைக் காயவிடக் கூடாது. வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றி, பெட்ரோலியம் ஜெல்லி மெல்லிசாகத் தடவி மூடி வையுங்கள். புண்ணின் நீரை உறிஞ்சி ஈரம் காக்கும் ஒட்டுப் பட்டையான ஹைட்ரோகொலாய்டு பேட்ச் கிடைத்தால் இன்னும் நல்லது. அதற்கு ஜெல்லி தடவக் கூடாது, ஒட்டாது. புண்ணைச் சுற்றி ஒரு சென்டிமீட்டராவது கூடுதலாக இருக்கும்படி வெட்டி, ஈரமில்லாத தோலில் ஒட்டி, உள்ளங்கைச் சூட்டில் அரை நிமிடம் அழுத்துங்கள். சீழ் பிடித்த புண்ணுக்கு இது வேண்டாம். தண்ணீர் கலக்காத டெட்டால், எலுமிச்சைச் சாறு இவையும் வேண்டாம். எரிச்சலால் தோல் உரியும், உரிந்தால் விரல் வரும்.

மருந்தே கிள்ளலைத் தூண்டுவதும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. பருவுக்குத் தரும் அடாபலீன் ஜெல் போட ஆரம்பித்த முதல் சில வாரங்கள் முகம் உரியும். கிள்ளும் பழக்கம் உள்ளவருக்கு அந்த உரிசல் பெரிய ஆபத்து. முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரவில், முதலில் மாய்ஸ்சரைசர் தடவிவிட்டுப் போடச் சொன்னால் உரிசல் குறையும். சோரியாசிஸில் செதிலைப் பிய்த்த இடத்தில் சில வாரங்களில் புதுத் திட்டே வரலாம், கோப்னர் விளைவு என்பது இதுதான். எண்ணெயோ டாக்டர் தரும் சாலிசிலிக் அமிலக் களிம்போ போட்டுச் செதிலை ஊறவைத்தால் தானாக உதிரும். நம் மாநிறத் தோலில் கிள்ளிய கருமை மாதக் கணக்கில் போகாது, அந்தக் கருமையைப் பார்த்து மறுபடி கிள்ளுகிறவர்களும் உண்டு.

பழக்கத்துக்கு வருவோம். அஸ்ரின், நன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவரும் 1973-இல் எழுதிய பழக்க மாற்றுப் பயிற்சிதான் இன்றைக்கும் அடிப்படை. ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதி மட்டும் வையுங்கள்: எத்தனை மணி, எந்த இடம், எந்தக் கை, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள். இரண்டு வகை தெரியவரும். ஒன்று, குளியலறைக் கண்ணாடி முன் வெளிச்சத்தில் தேடித் தேடிக் கிள்ளுவது. மற்றது, போன் பார்க்கும்போதோ படிக்கும்போதோ தெரியாமலே நடப்பது. முதல் வகைக்குப் பிரகாசமான பல்பைக் கழற்றி மங்கலானதைப் போட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியையும் ஊக்கையும் அகற்றுங்கள். இரண்டாவதற்கு, கை மேலே போகும்போதே முஷ்டியை மடக்கி மடியில் ஒரு நிமிடம் வைத்திருங்கள். நகத்தை வெட்டினால் மட்டும் போதாது, ஓரத்தைத் தேய்த்து மழுங்கச் செய்யுங்கள்.

இதெல்லாம் செய்தும் நிற்கவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள், தோல் சிகிச்சையை நிறுத்தாமல். என்-அசிட்டைல் சிஸ்டீன் மருந்தை 2016-இல் வந்த ஆய்வில் 66 பேரிடம் 12 வாரம், நாளைக்கு 1200 முதல் 3000 மில்லிகிராம் வரை, சோதித்தார்கள். மருந்து எடுத்தவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு நல்ல முன்னேற்றம். எல்லோருக்கும் கேட்கும் மருந்து இல்லை, கடையில் நீங்களாக வாங்கவும் வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல், மனநலம் இரண்டு பிரிவும் இருக்கின்றன. தோல் டாக்டர் பரிந்துரைச் சீட்டில் "கிள்ளல், எத்தனை மாதமாக, எந்த இடங்களில்" என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் நோயாளி வெட்கத்தோடு எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டியதில்லை.